என் கைகள் நடித்த படம்

அந்த இளைஞன் முதன்முறை என் வீட்டுக்கு வந்தபோது நான் கேட்டைத் திறக்கவில்லை. கேட் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே பேசினேன். மலேசியாவில், மலாக்காவின் குருபோங்கில் நான் இருக்கும் தாமான் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி. முன்னால் ஒரு காடி, அதாவது கார், நிற்கும் இடம், ஓர் இரும்பு கேட், கேட்டுக்கு ஒரு பூட்டு. என் கேட்டுக்கு மட்டும் இரண்டு. வாசலில் ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு ஜோடி கிடக்கும். அதற்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. இரவுச் சந்தையில் நானே வாங்கிப் போட்டது. அம்மா இறந்தபின் பதினோரு வருடங்களாக அந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். தெருவில் போகிறவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

"ஆன்ட்டி, நீங்கதானே படம் வரையறது?" என்றான்.

"யாரு சொன்னா?"

"அலோர் காஜாவுல ஒரு சாப்பாட்டுக் கடையில ஒங்க படம் பாத்தேன். பஸ் ஸ்டாப் படம். கடைக்காரர்தான் சொன்னாரு."

அந்தக் கடைச் சுவரில் என் ஓவியம் மாட்டியிருப்பது உண்மைதான். நான் கிராணி என்னும் எழுத்தர் வேலை செய்யும் வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கீழேதான் கடை. லூபோக் சீனா போகும் சாலையில் ஆளில்லாத ஒரு பேருந்து நிறுத்தத்தை வரைந்து, கடை திறந்த நாளில் அவருக்குக் கொடுத்தேன். ஆனால் கடைக்காரருக்கு என் அலுவலகம்தான் தெரியும். வீடு தெரியாது. அதை மனத்தில் குறித்துக்கொண்டேன். அவனிடம் எதுவும் கேட்கவில்லை.

அவனுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டுவதாகச் சொன்னான். கேட்டுக்கு வெளியே அந்த வேன் நின்றது.

"நாங்க ஒரு படம் எடுக்கறோம் ஆன்ட்டி. பெரிய கம்பெனிலாம் இல்ல. அஞ்சு பேரு லீவு போட்டு நாங்களே எடுக்கறோம். தனியா இருக்கற ஒரு ஓவியரோட கதை. சைக்கலாஜிக்கல் த்ரில்லர். ஒங்க படங்கள் வேணும். அப்பறம் ஒங்க கை வேணும்."

"கையா?"

"நடிக்கறவங்களுக்கு வரையத் தெரியாது. கிட்டத்துல எடுக்கறப்ப ஒங்க கைய எடுத்துக்கறோம்."

முப்பது வருடங்களாக வரைகிறேன். அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்களுக்கே அது அரைகுறையாகத்தான் தெரியும். ஒருவர் வீடு தேடி வந்து என் ஓவியங்கள் வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. கதையைப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நாற்பது தாள்களைக் கம்பிக்கு இடையே நீட்டினான். வேன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பசாருக்குப் போய் வந்து, மீனைக் கழுவி வைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு தோட்டத்தில், பழைய கிராணி வீட்டில், நாற்பது வயது தாண்டிய ஒருத்தி தனியாக இருக்கிறாள். வரைகிறாள். ஒருநாள் தன் ஓவியத்தில் ஏதோ மாறியிருப்பதாக அவளுக்குப் படுகிறது. இருட்டாக வரைந்த ஒரு சன்னலில் விளக்கு எரிகிறது. அடுத்த வாரம் இன்னோர் ஓவியத்தில், காலியாக விட்ட சாலையில் யாரோ நிற்கிறார்கள். தான் இல்லாத நேரத்தில் யாரோ வீட்டுக்குள் வந்து ஓவியங்களை மாற்றுகிறார்கள் என்று அவள் நினைக்கிறாள். புல் வெட்டுகிறவனை, சமையல் கேஸ் தோம்பு கொண்டுவருகிறவனை, வாரம் ஒருமுறை பார்க்க வரும் தங்கையை என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்படுகிறாள். கடைசியில் மாற்றியது அவளேதான் என்று முடிகிறது.

இந்த மாதிரிக் கதை புதிது அல்ல என்று நினைத்துக்கொண்டே படித்தேன். பதினேழாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. வெளியே கிளம்பும்போது அவள் தையல் நூலில் ஒரு துண்டு கிள்ளி, எச்சிலில் நனைத்து, ஓவியங்கள் இருக்கும் அறைக் கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே ஒட்டுகிறாள். திரும்பி வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறாள்.

நான் எழுந்து கூடத்தின் மறுபக்கம் பார்த்தேன். பசாருக்குப் போகுமுன் நான் ஒட்டிய வெள்ளை நூல் என் வரையும் அறைக் கதவில் அப்படியே இருந்தது.

இருபத்திரண்டாம் பக்கத்தில் இன்னொன்று. அவள் ஒவ்வோர் ஓவியத்தின் பின்பக்கத்திலும், அதில் எத்தனை சன்னல், எத்தனை மரம், எத்தனை ஆள் என்று பென்சிலால் எழுதி வைக்கிறாள். நானும் எழுதி வைக்கிறேன். இந்த இரண்டையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

மீன் அப்படியே கிடந்தது. நான் வீட்டைச் சோதிக்க ஆரம்பித்தேன். கூரை விசிறி, மின்சார மீட்டர், சன்னல் திரைக்குப் பின்னால், குளியலறைக் காற்றுத்துளை என்று நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். கேமரா எதுவும் இல்லை. வீட்டுக்குள் வந்துபோக முடிந்தவர்கள் யார் யார் என்று யோசித்தேன். ஒரே ஆள்தான். பக்கத்து வீட்டு அக்கா.

அவரும் அவர் கணவரும் மலாக்கா டவுனில் மசாலாச் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். கணவரின் தாத்தா காலத்தில் நாகூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். நோன்பு மாதத்தில் தினமும் எனக்குக் கஞ்சி வரும்; தீபாவளிக்கு என் முறுக்கு அங்கே போகும். குளியலறையில் வழுக்கி விழுந்தால் திறக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவரே சொல்லி, என் வீட்டு மாற்றுச் சாவியைத் தன் சாவிக் கொத்தில் கோத்து வைத்திருந்தார். ஏழு வருடங்களாக அது அங்கேதான் இருந்தது.

அன்று மாலையே போய்க் கேட்டேன். "சாவி வேணும்க்கா. பூட்டு மாத்தப் போறேன்."

அவர் உடனே கொத்தை எடுத்தார். வளையம் இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி நெம்பிக் கழற்ற நேரமானது. நான் வாசலிலேயே நின்றேன்.

"புதுப் பூட்டுக்கும் சாவி குடுப்பீங்கல்ல தங்கச்சி?"

"பாக்கலாம்க்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நான் ஏதாச்சும் தப்பா நடந்துக்கிட்டனா?"

"அதெல்லாம் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பூட்டை மாற்றினேன். புதுச் சாவியைக் கொடுக்கவில்லை.

மறுநாள் அந்த இளைஞனைக் கைப்பேசியில் கூப்பிட்டுச் சம்மதம் சொன்னேன். அவன் சந்தோஷப்பட்டான். எனக்குப் படத்தில் அக்கறை இல்லை. அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அவன் பக்கத்திலேயே இருப்பதுதான் வழி என்று நினைத்தேன்.

லூபோக் சீனாவைத் தாண்டி உள்ளே போனால் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டம். ஒரு காலத்தில் ரப்பர் பால்மரம் நின்ற இடம். அதன் ஓரத்தில் கிராணி வீடு ஒன்று பல வருடங்களாகக் காலியாகக் கிடந்தது. மானேஜரிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். எல்லாச் சன்னல்களுக்கும் கறுப்புத் துணி அடித்து, பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே இரவை உண்டாக்கினார்கள். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே மேசை விளக்கு எரியும். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு ஓவியங்களைப் பழைய போர்வையில் சுற்றிக் காடியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் அழிப்பானால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் எடுத்துப்போனேன்.

டைரக்டர் அந்த இளைஞன். கேமரா பிடித்தது ஒரு பெண். ஒலிக்கு ஒருவர். மேசை தூக்குவதிலிருந்து தேநீர் போடுவதுவரை எல்லாவற்றுக்கும் இன்னொருவர். ஓவியராக நடித்தவர் மலாக்காவில் பாலர் பள்ளி ஆசிரியை; எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்கும்போது பார்த்தார், காடிக் கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கும்போது பார்த்தார். மூன்றாம் நாள் கேமராவுக்கு முன்னால் நின்ற அவர், இடக்கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அப்படித்தான் நிற்பேன். அன்று சாப்பாட்டு வேளையில் கேட்டுவிட்டேன்.

"ஏன் டீச்சர் என்னையே பாக்கறீங்க?"

அவர் மறைக்கவில்லை. "டைரக்டர்தான் சொன்னாரு அக்கா. வசனத்த விடுங்க, அவங்கள மட்டும் நல்லா பாத்துக்குங்கன்னாரு."

நான்காம் நாள் நூல் காட்சி. டீச்சரின் முகத்தை முதலில் எடுத்துவிட்டு, என் கைகளைக் கிட்டத்தில் எடுக்க ஆயத்தம் செய்தார்கள். கதவருகே என்னை நிறுத்தி, நூல்கண்டைக் கையில் கொடுத்து, எப்படிச் செய்ய வேண்டும் என்று டைரக்டர் விளக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சரி, ஒங்களுக்கு எப்படி வருதோ அப்படியே செய்ங்க ஆன்ட்டி."

வேண்டுமென்றே தடுமாறிச் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். கை கேட்கவில்லை. நூலைக் கிள்ளி, நாக்கில் வைத்து, விரலால் இரண்டு முனையையும் ஒற்றி, கீழ்முனையைக் கதவு மரத்தின் கோட்டுக்குள் மறைத்தேன். ஒரே தடவையில் முடிந்துவிட்டது.

கேமராப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, வீட்டுல பழகிட்டு வந்தீங்களா?"

"கதையில எழுதியிருக்குல்ல" என்றேன். டைரக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐந்தாம் நாள் சாப்பாட்டில் ஒன்றைக் கவனித்தேன். மதியச் சாப்பாடு டைரக்டரின் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு டப்பா. அன்று மற்றவர்களின் டப்பாவில் கத்தரிக்காய்க் குழம்பு. என்னுடையதில் முருங்கைக்காய். யோசித்துப் பார்த்தேன். இரண்டாம் நாளும் அவர்களுக்குக் கத்தரிக்காய்ப் பொரியல், எனக்கு முட்டைக்கோஸ். கத்தரிக்காய் சாப்பிட்டால் எனக்கு உதடு வீங்கும். அதை அங்கே நான் யாரிடமும் சொல்லவில்லை. டப்பாவை மூடி வைத்தேன். அதற்குப்பின் ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன்.

ஆறாம் நாள் தங்கையாக நடிக்க ஒரு பெண் வந்திருந்தாள். தங்கை வாசலில் வந்து நின்று "எப்படி இருக்க?" என்று கேட்க வேண்டும். நான்கைந்து தடவை எடுத்தும் டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தான்.

"அப்படி வேணாம். வந்து நின்னு, இப்படிச் சொல்லுங்க. 'மூஞ்ச காட்டு பாப்போம், இன்னிக்கி வெயிலா மழையா?'"

நான் அப்போது சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அந்த வார்த்தைகளை என் வாழ்க்கையில் ஒரே ஒருத்திதான் என்னிடம் சொல்லியிருக்கிறாள். தினமும் சொன்னாள்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். தோட்டங்களிலிருந்து வந்த பெண்களை ஒரு வரிசை வீட்டில் அறைக்கு இருவராகத் தங்க வைத்திருந்தார்கள். என் அறைத்தோழி அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்துப் பெண். நான் வாய் திறக்காதவள். அவள் ஓயாமல் பேசுவாள். வேலை முடிந்து நான் அறைக்குள் நுழைந்ததும் அவள் கேட்பது அதைத்தான். வெயிலா மழையா. நான் சிரித்தால் வெயில்.

அந்த வருடம்தான் அப்பா இறந்தார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டையில் இருந்ததுதான் ஒரே படம். இறப்பைப் பதிவு செய்தபோது அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அதனால் நினைவிலிருந்து அவர் முகத்தைப் பென்சிலில் வரைந்தேன். மூன்று வாரம் ஆனது. வலக்கண்ணை மட்டும் கொஞ்சம் சுருக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். அதுவும் சரியாக வந்திருந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் இடக்கண் மாறியிருந்தது. கோடு அழுத்தமாக, வேறு யாரோ போட்டது மாதிரி இருந்தது.

நான் அவளிடம் கேட்கவில்லை. படத்தைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டி மூடியில் நூல் ஒட்ட ஆரம்பித்தேன். புதிதாக வரைந்தவற்றின் பின்பக்கம் கணக்கு எழுதவும் ஆரம்பித்தேன். நான்கு மாதம் ஒட்டினேன். ஒருநாள்கூட நூல் அறுந்ததில்லை. அதனால் சந்தேகம் போய்விடவில்லை. அவள் சாமர்த்தியக்காரி என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அவள் கல்யாணம் என்று சொல்லி வேலையை விட்டுப் போய்விட்டாள். பத்திரிகை கொடுக்கவில்லை. குற்ற மனசு, அதனால்தான் கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நூலைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் அவளுக்குத் தெரியவே தெரியாது என்று இத்தனை வருடங்களும் நம்பியிருந்தேன்.

சாப்பாட்டு இடைவேளையில் டைரக்டரைப் பின்வாசல் படிக்குக் கூப்பிட்டேன்.

"தம்பி, ஒங்கம்மா கல்யாணத்துக்கு முன்ன எங்க வேல செஞ்சாங்க?"

அவன் உடனே புரிந்துகொண்டான். "பத்து பெரண்டாம்ல. நீங்க இருந்த அதே பெக்டரிதான் ஆன்ட்டி."

"இந்தக் கதை அவங்க சொன்னதா?"

"சின்னப் புள்ளையிலேருந்து சொல்லுவாங்க. என் கூட்டாளி ஒருத்தி, நல்லா படம் வரைவா, பெட்டிக்கு நூல் ஒட்டிட்டுதான் வேலைக்குப் போவான்னு. சொல்லிக்கிட்டு இருக்கறப்பவே பாதியில எழுந்து போயிடுவாங்க. பின்பக்கம் கணக்கு எழுதறதும் அவங்க சொன்னதுதான். மீதிக் கதைய நான்தான் எழுதினேன்."

"என் வீடு எப்படித் தெரிஞ்சிச்சி?"

"போன வருஷம் அந்தக் கடையில சாப்பிடப் போனப்ப ஒங்க கையெழுத்தப் பாத்திருக்காங்க. அப்பறம் ஒருநாள் நீங்க ஆபிஸ் விட்டுப் போறப்ப பின்னாலேயே வந்திருக்காங்க. ரெண்டு தடவ ஒங்க தாமான் முனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டாங்க."

ஆக, என்னை ஒருவர் பின்தொடர்ந்தது நிஜம்தான். எனக்குப் பயமாக இல்லை. கோபம்தான் வந்தது.

"ஏன் முதல்லயே சொல்லல?"

"சொன்னா வரமாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க."

அது சரிதான். வந்திருக்க மாட்டேன். ஓவியங்களை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் அவன் அழைப்பை எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில், அவன் அனுப்பிய முகவரியைப் பார்த்து, சண்டை போடுவதற்காகவே அலோர் காஜாவுக்குப் போனேன்.

அவள் வீட்டிலேயே சமைத்து அலுவலகங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறவள். முன்கூடம் முழுக்கச் சாப்பாட்டு டப்பாக்கள் அடுக்கியிருந்தன. உடம்பு பெருத்திருந்தது, தலை பாதி நரைத்திருந்தது. பழைய கேள்வியைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

"உக்காரு. தே தண்ணி போடட்டா?"

"வேணாம். எதுக்குப் பின்னால வந்த?"

"பேசலாம்னுதான் வந்தேன். ஒங்க வீட்டு வாசல்ல ஆம்பள செருப்பு கெடந்துச்சி. கல்யாணம் ஆயிடுச்சி போலன்னு நெனச்சேன். பழைய கதைய எடுத்துக்கிட்டு நடுவுல வரவேணாம்னு திரும்பிட்டேன். ரெண்டாந்தடவ வந்தப்பவும் அதே செருப்பு, நகராம அதே எடத்துல கெடந்துச்சி. அப்பதான் புரிஞ்சிச்சி."

அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நூலு ஒட்டறது ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"முதல் வாரமே தெரியும். பெட்டிக்கு எதிர்லதான என் படுக்கை? நீ போனப்பறம் அந்தப் பக்கமே போகமாட்டேன். காத்துல அறுந்துடப் போகுதுன்னு விசிறியக்கூட போடமாட்டேன்."

"அப்ப படத்துல கை வெச்சது யாரு?"

"நான்தான்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை.

"அன்னிக்கி மழை. சன்னல சாத்தாம தூங்கிட்டேன். முழிச்சிப் பாத்தா ஒங்கப்பா படத்துல சாரல் அடிச்சிருக்கு. துணியால ஒத்தி எடுத்தேன். ஒரு கண்ணு அழிஞ்சி போச்சி. நீ அந்தப் படத்துக்காக எப்படி அழுதன்னு எனக்குத் தெரியும். பயந்துட்டேன். ஒன் பென்சிலயே எடுத்து அந்தக் கண்ண நானே போட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீ கேட்டா சொல்லலாம்னு ஒக்காந்திருந்தேன். நீ கேக்கவே இல்ல. நூல் ஒட்டின."

சமையலறையில் குக்கர் விசிலடித்தது. அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அதற்குள் என் கோபத்தை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் சந்தேகப்பட்ட ஆள் சரியான ஆள்தான். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

"மகனுக்கு இது தெரியாது" என்றாள். "யாரு செஞ்சான்னு நான் சொன்னதே இல்ல. அவன் அந்தப் பொம்பளையே செஞ்சதா முடிச்சிட்டான். அப்படியே விட்டுடு."

"ஒன் மேல தப்பு வராதுன்னா?"

"அப்படித்தான் வெச்சிக்கயேன்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு டப்பாக்களுக்கு மூடி போட ஆரம்பித்தாள். இத்தனை வருடங்களாக அந்தக் கதையை மகனிடம் சொல்லி வந்தது என்னை நினைத்து வருந்தியா, என்மேல் பழி போடவா என்று அப்போதும் எனக்குத் தெளியவில்லை. இன்றும் முழுதாகத் தெளியவில்லை. நானும் கொஞ்ச நேரம் மூடி போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் அடியிலிருந்து அப்பா படத்தை எடுத்தேன். சுருட்டி வைத்து, அம்மா இருந்தபோதுகூடப் பிரிக்காதது. சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். இடப்பக்க ஓரத்தில் காகிதம் அலை அலையாகச் சுருங்கியிருந்தது. தண்ணீர் பட்டால் அப்படித்தான் ஆகும். பழைய காகிதம் தானாகவும் அப்படி ஆகும் என்று உடனே இன்னொரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைப் பார்த்து எனக்கே அலுப்பாக இருந்தது. இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்கு வரையத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அவள் போட்ட கண்தான் நன்றாக இருந்தது. பயந்துகொண்டே, அவசரமாக, அழுத்திப் போட்ட கண். அப்பா உயிரோடு இருந்தபோது என்னைப் பார்த்தது போலிருந்தது.

மாலையில் புதுச் சாவி ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா கேட் அருகில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இத வெச்சிக்குங்க. அன்னிக்கி நான் ஒங்களச் சந்தேகப்பட்டுத்தான் வாங்கினேன். தப்பு என்னோடது."

அவர் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு சாவியைப் பார்த்தார். தொடவில்லை.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. பரவால்ல. ஆனா சாவி வேணாம். ஒங்ககிட்டயே இருக்கட்டும்." பிறகு, நான் திரும்பும்போது, "ஏதாச்சும்னா சத்தம் குடுங்க, சொவருக்கு இந்தாண்டதான இருக்கோம்" என்றார். அந்த வருடம் கஞ்சி வந்தது. முன்போல் தினமும் வரவில்லை.

மிச்சமிருந்த இரண்டு நாள் படப்பிடிப்புக்கும் போனேன். டைரக்டரிடம் அவன் அம்மா சொன்னதைச் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அலோர் காஜாவில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் படத்தைப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளைத் துணி, ஐம்பது பேர் இருக்கலாம். என் பழைய அறைத்தோழி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மூன்றாவது வரிசையில்.

என் கைகளை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. நூல் ஒட்டும் இடத்தில் என் பக்கத்திலிருந்த ஒரு பெண் தன் கையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "என்னா பொம்பள லா இவ, பாக்கவே பயமா இருக்கு" என்று அவள் தன் கணவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. என் கைகளை மடியில் மடித்து வைத்துக்கொண்டேன். நான் என் வீட்டில் எப்படி இருக்கிறேன் என்பதை அதற்குமுன் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வயதான ஒருவர் எழுந்து கேட்டார். "தம்பி, கடைசியில அத மாத்தினது அந்தப் பொண்ணேதானா? வேற யாரும் வரலியா?"

"அவங்களேதான் ஐயா" என்றான் டைரக்டர். "வீட்டுக்கு யாருமே வரல. அதான் கதை."

முதல் வரிசையில் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது பயத்தால் அல்ல; அவள் கேட்டுக்கொண்டதற்காக.

எல்லாரும் கறிப்பாப்புப் பலகாரமும் தேநீருமாக நின்றிருந்தபோது அவள் என் பக்கம் வந்தாள். "காடியிலயா வந்த? அவன் சாமானெல்லாம் ஏத்திட்டு வர நேரமாவும். என்ன வீட்டுல எறக்கிடு."

கீழே போய்க் காடியைத் திறந்தேன். அவள் பின்கதவைத் திறந்து பின்னால் உட்கார்ந்தாள். மண்டப வாசலைத் தாண்டும்வரை கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பின்னால் ஏன் உட்கார்ந்தாள்? என் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லையா? படத்தைப் பற்றி மனத்தில் ஏதாவது வைத்திருக்கிறாளா? பசார் முனையில் சிவப்பு விளக்கு விழுந்தது.

"ஏன் பின்னால ஒக்காந்த?" என்று கேட்டேன்.

"முன் சீட்டுல ஒன் பை இருக்கே" என்றாள்.

பார்த்தேன். இருந்தது. எடுத்துக் காலடியில் வைத்தேன். அதற்குள் பச்சை விளக்கு வந்துவிட்டது. அவள் பின்னாலேயே இருந்தாள். வழி சொல்லிக்கொண்டு வந்தாள். வழி எனக்குத் தெரியும் என்றாலும் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.